ஏழாம் எண்ணுக்கு ஒன்பது திருத்தங்கள்

அந்த ஊரில் ஒப்பாரி அக்காவின் பேனா படாமல் யாரும் ஒழுங்காகச் செத்ததில்லை. மருத்துவர் நாடி பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கியிருக்கலாம், நகராட்சி முத்திரை குத்திச் சான்றிதழ் கொடுத்திருக்கலாம். அதெல்லாம் வெறும் காகிதம். நாளிதழின் ஆறாம் பக்கத்தில் படம் வந்து, படத்துக்குக் கீழே நாலு வரிப் பாட்டும் வந்தால்தான் தூரத்துச் சொந்தம் நம்பும், பக்கத்துச் சொந்தம் அழும். அந்த நாலு வரிதான் அக்காவின் பிழைப்பு. நாளிதழ் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில், மரண அறிவித்தல் வாங்கும் கவுண்டரில், முப்பத்தோரு வருஷம். அத்தனை வருஷத்தில் அவள் வழியனுப்பி வைத்தவர்களை வரிசையாக நிறுத்தினால், வரிசையின் தலை கடலில் கால் நனைத்துக்கொண்டிருக்கும்போது வால் மலையில் குளிரில் வெடவெடக்கும்.

ஒப்பாரி என்பது அலுவலகத்தார் வைத்த பெயர். அவளுக்கு அதில் கோபம் கிடையாது. "பேர் வச்சவன் எல்லாம் கடைசியில என் கவுண்டருக்குத்தான வரணும்" என்று சொல்லி விட்டுவிடுவாள்.

கவுண்டரில் அவளிடம் தடித்த கோப்பு ஒன்று இருந்தது. அதற்குள் நாற்பத்திரண்டு பாட்டுகள், எண் போட்டு, ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள். எல்லாம் அவளே கட்டியவை. ஒன்றாம் எண், எழுபது தாண்டிய அப்பாவுக்கு. இரண்டாம் எண், அதே அப்பா முன்கோபியாக இருந்திருந்தால். பத்தொன்பது, மாமியாருக்கு மருமகள் கொடுப்பது. அதைப் படித்து அழுதவர்களைவிட, கொடுத்த மருமகளைத் தெரிந்து வைத்திருந்து சிரித்தவர்கள் அதிகம். முப்பத்துநாலு, தான் கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் எல்லார் வீட்டுக் கல்யாணத்திலும் குறை கண்டுபிடித்த தாய்மாமனுக்கு. வருகிறவர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கோப்பைப் புரட்டி, "பதினாலு போடுங்கக்கா" என்பார்கள். அவள் படிவத்தில் பதினாலு என்று எழுதுவாள். துக்கம் முடிந்தது.

ஏழாம் எண், அகாலத்தில் போன பெண்களுக்கு:

ஓசை ஏதும் எழுப்பாமல்
உறங்கிப் போன பொன்மலரே
ஆசை முகத்தின் புன்னகையை
அணிந்து சென்றாய் அமைதியிலே

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்பு ஒரு மத்தியானம், சாப்பாட்டு டப்பாவை மூடுவதற்குள் எழுதி முடித்த பாட்டு அது. முதலில் வந்தது மூன்றாம் வரியின் 'ஆசை'தான். ஆசைக்கு எதுகை தேடியபோது ஓசை வந்து நின்றது. வந்த விருந்தாளியை வாசலில் நிறுத்துவானேன் என்று முதல் வரியில் உட்காரவைத்துவிட்டாள். அந்தச் சொல்லின் வரலாறு அவ்வளவுதான்.

அந்த மாதம் ஊர் சரியாக இல்லை. தெருமுனைக்கு ஒரு போலீஸ் வண்டி நின்றது. கடைகள் பாதிக் கதவைத் திறந்துவைத்து வியாபாரம் பார்த்தன. சம்பளம் கேட்டவன் ஒருவன் வேலையை இழந்தான், ஏன் இழந்தான் என்று கேட்ட இன்னொருவனைக் காணவே இல்லை. நாளிதழில் மட்டும் எல்லாம் சரியாக இருந்தது. வானிலை அறிக்கைகூட யாரையும் புண்படுத்தாமல் "மழை பெய்யலாம், பெய்யாமலும் இருக்கலாம்" என்றுதான் வரும்.

அப்படியிருக்கையில் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணிக்கு, தையல் ஆலையின் பின்கூடத்தில் தீப்பிடித்தது. ஒரு துண்டுத் துணிகூட வெளியே போய்விடக் கூடாது என்று, வேலை நேரத்தில் கூடத்துக் கதவை வெளிப்பக்கம் பூட்டிச் சாவியைக் காவலாளி இடுப்பில் செருகிக்கொள்வது அங்கே வழக்கம். உள்ளே ஒன்பது பெண்கள் இருந்தார்கள். கதவு திறக்கப்பட்டபோது யாரும் உயிரோடு இல்லை. மறுநாள் நாளிதழின் மூன்றாம் பக்கத்து மூலையில், "ஆலையில் சிறு தீ, உற்பத்திக்குப் பாதிப்பு இல்லை" என்று ஒரு செய்தி வந்தது. ஞாயிறுதோறும் முதல் பக்கத்துக்கு விளம்பரம் தருகிற ஆலை. அதற்கு மேல் எழுத நாளிதழுக்கு வாய் வரவில்லை.

அன்று காலை ஒன்பது குடும்பங்களும் சேர்ந்தே கவுண்டருக்கு வந்தன. ஆலையின் பின்சுவரை ஒட்டிய சந்தில் குடியிருப்பவர்கள். அக்கா முப்பத்தோரு வருஷத்தில் எல்லா வகை அழுகையும் பார்த்தவள். இவர்கள் அழவில்லை, பேசவும் இல்லை. அது அவளுக்குப் பழக்கமில்லாத வகை. முகத்தைப் பார்க்க முடியாதபோது படிவத்தைப் பார்ப்பது கவுண்டர்காரர்களின் உபாயம். அவளும் படிவத்தைப் பார்த்தாள். ஒன்பதும் பெண்கள், ஒன்பதும் அகாலம். கோப்பை அவர்கள் கையில் கொடுக்கவே இல்லை.

"ஏழாம் நம்பர் போட்டுடறேன். எல்லாருக்கும் அதுதான் பொருந்தும்" என்றாள்.

யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒன்பது கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

வியாழக்கிழமை ஆறாம் பக்கம் முழுக்க ஒன்பது படங்கள், ஒன்பது தடவை அதே நாலு வரி. அக்காவின் கணவர் மின்சார மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். எதைப் பார்த்தாலும் போன மாசத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிற கண். பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு, "என்ன இது, பல்லவி மாதிரி ஒண்ணையே போட்டுருக்க? மிச்ச நாப்பத்தியொண்ணும் லீவா?" என்றார்.

"ஆறிடும், சாப்பிடுங்க" என்றாள் அக்கா.

பதின்மூன்று நாள் கழித்து ஒரு ஆள் கவுண்டருக்கு வந்தான். ஒன்பது பேரில் ஒருத்தியின் கணவன், பஸ் ஓட்டுநர். வலது கையில் முழங்கை வரை கட்டு. சட்டைப்பையிலிருந்து ஆறாம் பக்கத்தை எடுத்து மேசையில் விரித்தான். மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது.

"இந்தப் பாட்டு நீங்க எழுதுனதாக்கா?"

"ஆமாப்பா. ஏன், படம் மாறிடுச்சா?"

"படம் சரிதான். பாட்டுதான் விசாரணைக்குப் போயிருக்கு."

அக்கா சிரிக்கப் பார்த்தாள். அவன் முகம் சிரிக்க விடவில்லை.

"காவலாளி ஒரு சத்தமும் கேக்கலங்கிறான். கேட்டிருந்தா திறந்திருப்பேங்கிறான். பொகை வந்த உடனே மயங்கிட்டாங்க, யாரும் கத்தல, அதனால யார் மேலயும் தப்பு இல்லைன்னு ஆலை வக்கீல் சொல்றாரு. ஆதாரம் என்னன்னு விசாரணை அதிகாரி கேட்டாரு. வக்கீல் இந்தப் பக்கத்தை நீட்டிட்டாரு. ஓசை ஏதும் எழுப்பாமல்னு ஒன்பது குடும்பமும் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்களேன்னு."

"பாட்டையா? பாட்டைப் போய் யாருப்பா சாட்சியா எடுப்பாங்க?"

"எடுத்துட்டாங்களே. எங்க ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டாங்க. ஒரே கேள்வி. இந்த விளம்பரம் நீங்க குடுத்ததா? ஆமான்னோம். அடுத்த ஆளைக் கூப்பிடுன்னுட்டாங்க. மேல பேசினா வெளிய நிக்கிற போலீஸ்காரர் தோளைத் தொடறாரு. வெள்ளிக்கிழமை அறிக்கை குடுக்கிறாங்களாம்."

அன்று புதன்கிழமை.

அக்கா அந்தப் பக்கத்தைத் தன் பக்கம் திருப்பிவைத்துப் படித்தாள். தான் எழுதியதை இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக முழுசாகப் படித்தாள் என்றுகூடச் சொல்லலாம். எதுகைக்காக ஓடிவந்த ஒரு சொல், ஒன்பது பெண்களின் வாயையும் பொத்திக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தது.

"கத்தினாங்களா?" என்று கேட்டாள்.

"அன்னிக்கு எனக்கு விடிகாலை ஷிப்டு. முடிச்சுட்டு வந்து படுத்திருந்தேன். எங்க வீட்டுச் சுவருக்கு அந்தாண்டதான் கூடம். அண்ணே, கதவைத் திறங்கண்ணேன்னு அவ குரல். அவ குரல் எனக்குத் தெரியாதா. நான் ஓடி ஆலை வாசலுக்குப் போனா உள்ள விடல. திரும்பி வந்து சுவத்தைக் குத்தினேன்." கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டான். "செங்கல் சுவரு."

அக்கா அவனை உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். தெரிந்த வழியில் பிராயச்சித்தம் தேடினாள்: வேறு பாட்டு எழுதிவிடுவது. வெள்ளைத்தாளை இழுத்துப் போட்டு 'பூட்டு' என்று எழுதினாள். மறு நொடியே, கூப்பிடாமலே 'பாட்டு' வந்து பக்கத்தில் நின்றது. அடித்தாள். 'கதவு' என்றாள், 'உதவு' என்று பதில் வந்தது. 'தீ' என்று ஒற்றை எழுத்தைப் போட்டால், 'நீ' என்று குழைந்துகொண்டு வந்தது. முப்பத்தோரு வருஷமாகச் சோறு போட்டு வளர்த்த எதுகைகள், அவள் பேனாவைச் சுற்றி வாலாட்டின. ஆறு தாள் கசங்கிக் குப்பைக்கூடையில் விழுந்தன.

ஓட்டுநர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பாட்டு வேணாங்கக்கா" என்றான். "அவ சத்தம் போட்டான்னு மட்டும் போட முடியுமா?"

எப்படிப் போடுவது? ஆலையைப் பற்றி ஒரு எழுத்து வெளியே போக வேண்டுமானாலும் நாளிதழ் மேலாளர் பார்க்க வேண்டும். மேலாளர் பார்த்தால் அது எழுத்தாகவே இருக்காது. அக்கா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடப்போனவள், பின்சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தாள். எழுந்து போய் அதன் மேலிருந்த தூசியைக் கையால் துடைத்தாள்.

அது நாளிதழின் பெரிய முதலாளி கையெழுத்திட்ட விதி. ஒரு காலத்தில் உயிரோடு இருந்த மர வியாபாரி ஒருவரை நாளிதழ் படத்தோடு சாகடித்துவிட்டது. மனிதர் நேரில் வந்து, "நான் இருக்கேன்யா" என்று மேசையைத் தட்டினால், "செய்தி ஆசிரியர் உறுதிப்படுத்தணும்" என்று ஒன்பது நாள் அலையவிட்டார்கள். அதற்குள் அவர் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் அவரே காபி ஆற்றிக் கொடுத்து, பத்தாம் நாள் பித்துப்பிடித்து நிஜமாகவே சாகக் கிடந்தாராம். அதற்கப்புறம் வந்த விதி: மரண அறிவித்தலில் பிழை என்று குடும்பத்தார் எழுதிக் கொடுத்தால், திருத்தம் மறுநாளே, அதே பக்கத்தில், அதே அளவில் வர வேண்டும், கவுண்டரிலிருந்து நேரே பக்கத்துக்கு, இடையில் எந்த ஆசிரியர் கையும் படக்கூடாது.

அக்கா இதுவரை அதை வைத்துத் திருத்தியதெல்லாம் பேரனின் பட்டப்படிப்பையும் சம்பந்தியின் ஊர்ப்பெயரையும்தான்.

"உங்க சந்துல எல்லாரும் இருக்காங்களா இப்போ?"

"வேலைக்கு எங்க போறது. இருக்காங்க."

"நாளைப் பேப்பருக்கு நாலு மணிக்குள்ள பக்கம் கட்டிடுவாங்க. மூணுக்குள்ள கூட்டிட்டு வா."

இரண்டே முக்காலுக்கு வந்துவிட்டார்கள். இந்தத் தடவை அக்கா ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். பார்க்கப் பார்க்க, கோப்பை எடுத்துக் காலடியில் வைத்துவிட்டாள். ஒவ்வொருவரையும் ஒரே கேள்விதான் கேட்டாள்: "இதுல எது தப்பு?"

சொன்னதைச் சொன்னபடி எழுதினாள். ஒரு அம்மா, "உறங்கிப் போனன்னு போட்டிருக்கே, அது தப்பும்மா" என்று ஆரம்பித்து, நிறுத்தி, முந்தானையைத் திருகினாள். அக்காவின் பேனா பழக்கதோஷத்தில் அந்த இடைவெளியில் ஒரு நல்ல சொல்லைச் செருகப் போனது. கையை இழுத்துக்கொண்டாள். அந்த அம்மா தானாகச் சொல்லும்வரை காத்திருந்தாள்.

ஒன்பதும் முடிந்ததும் மாடிக்கு எடுத்துப்போனாள். ஆறாம் பக்கத்தைக் கணினியில் கட்டுகிறவர், அக்காவுக்கு ஒரு வருஷம் இளையவர், ஒருவரையொருவர் கிண்டல் பண்ணியே கிழவர்களானவர்கள். படித்துக்கொண்டே போனவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒப்பாரி, இது திருத்தமா, குற்றப்பத்திரிகையா?"

"விதியில திருத்தம்னு இருக்கு."

"மேலாளருக்கு ஒரு வார்த்தை..."

"விதியில மேலாளர்னு இல்ல."

"எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்குடியம்மா."

"எனக்கு ஒண்ணு. நான் பெரியவ, என் பேச்சைக் கேளு."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு, "கவுண்டர் முத்திரை குத்திக் குடு. நான் முத்திரையைத்தான் பாத்தேன், மேட்டரைப் பாக்கல" என்றார். அக்கா இறங்கிப் போய், ஒன்பதிலும் முத்திரை குத்திக் கொண்டுவந்தாள். மை காய்வதற்குள் அவர் கை ஓடத் தொடங்கிவிட்டது.

வியாழக்கிழமை காலை ஆறாம் பக்கத்தில் அதே ஒன்பது படங்கள், அதே இடத்தில், அதே அளவில்.

திருத்தம். 'ஓசை ஏதும் எழுப்பாமல்' என்பது தவறு. அண்ணே கதவைத் திறங்கண்ணே என்றாள். பலமுறை சொன்னாள். கேட்டவர்: கணவர்.

திருத்தம். 'உறங்கிப் போன' என்பது தவறு. காலை நாலரைக்கு எழுந்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு உட்காரக்கூட நேரமில்லை. சொல்பவர்: அம்மா.

திருத்தம். 'பொன்மலரே' என்பது தவறு. வீட்டில் அவளைக் குண்டு என்று கூப்பிடுவோம். அதற்கே திரும்பிப் பார்ப்பாள். சொல்பவர்: அண்ணன்.

திருத்தம். 'புன்னகையை' என்பது தவறு. முகத்தை எங்களுக்குக் காட்டவில்லை. சொல்பவர்: கூடப்பிறந்த அக்கா.

திருத்தம். 'அமைதியிலே' என்பது தவறு. உள்ளேயிருந்து தையல் மிஷினைத் தூக்கிச் சுவரில் மோதினார்கள். எங்கள் வீட்டுச் சுவரில் விரிசல் இருக்கிறது. யாரும் வந்து பார்க்கலாம். சொல்பவர்: மாமனார்.

இப்படி ஒன்பது.

காலை எட்டு மணிக்குள் அந்த நாளிதழ் கடைகளில் ஒரு பிரதிகூட மிச்சமில்லை. சலூனில் முகச்சவரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு ஒருவர் உரக்கப் படித்தாராம், நுரை காயும்வரை யாரும் அசையவில்லையாம். பஸ்ஸில் ஒருவர் படிக்க, பஸ்ஸே இரண்டு நிறுத்தம் நிற்காமல் போய்விட்டதாம். விரிசலைப் பார்க்க அந்தச் சந்தில் நின்ற கூட்டம், சந்தைவிட அகலமாக இருந்ததாம். ஊர் சொன்னதில் பாதியைத் தள்ளினாலும் மீதி கொஞ்சமில்லை.

அக்கா வீட்டில் கணவர் பேப்பரை இரண்டு தடவை படித்தார். மூன்றாம் தடவை பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு, "இதுல எதுகை ஒண்ணையும் காணோமே" என்றார்.

"இல்லங்க."

"பரவாயில்ல. நல்லாயிருக்கு." பேப்பரை மடித்துவைத்துக்கொண்டு, "இன்னிக்கு ஆபீஸ் போகாட்டா என்ன?" என்றார்.

அக்கா போனாள். மேலாளர் கவுண்டருக்கு முன்னாலேயே நின்றிருந்தார். அவர் வயதில் அவளுக்கு மகன் இருக்கலாம். நல்ல நாளில் அக்கா என்பார். இன்று வேறு வார்த்தை வந்தது.

"மேடம், உள்ள வாங்க."

உள்ளே ஒரு தட்டச்சுத் தாள் தயாராக இருந்தது. திருத்தங்கள் ஒன்பதும் குடும்பத்தார் சொன்னவை அல்ல, நானே கற்பனையாக எழுதிய கவிதைகள், நாளிதழுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை என்று.

"கையெழுத்துப் போட்டா, வயசாச்சு, மனசு சரியில்லைன்னு கௌரவமா அனுப்பிடுவோம். போடலைன்னா எனக்கு மேல இருக்கிறவங்க பேசுவாங்க. அவங்க என்னை மாதிரி உக்காரச் சொல்லிப் பேச மாட்டாங்க."

"விசாரணை அதிகாரி போன் பண்ணாரா தம்பி?"

மேலாளர் ஜன்னலைப் பார்த்தார். "அறிக்கையைத் தள்ளி வச்சிருக்காங்க. ஒரு வாரம். ஒன்பது குடும்பத்தையும் திரும்பக் கூப்பிடறாங்க. அதுக்குத்தான் இந்தக் கையெழுத்து வேணுங்கிறாங்க. புரியுதா?"

அவளுக்குப் புரிந்தது. கற்பனை என்று அவள் எழுதிவிட்டால், அந்த அம்மா நாலரைக்கு எழுந்த மகளைப் பற்றி விசாரணையில் வாய் திறக்கும்போதே, "அது கவிதையாச்சே" என்று வக்கீல் சிரிப்பார். முன்பு பாட்டைச் சாட்சியாக்கியவர்கள், இப்போது சாட்சியைப் பாட்டாக்கப் பார்க்கிறார்கள். கணவரின் சர்க்கரை மாத்திரை, வீட்டு வாசலில் வந்து நிற்கப்போகிற வண்டி, எல்லாம் கண்முன் வந்து போயின.

"நான் இதுவரைக்கும் கற்பனையா எழுதினது நாப்பத்திரண்டு, தம்பி" என்றாள். "அதுக்கு வேணா கையெழுத்துப் போடறேன். இதுக்கு மாட்டேன்."

எழுந்து வந்தாள். மேலாளர் தடுக்கவில்லை, தடுக்கச் சொல்லி யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார்.

கவுண்டரில் ஆட்கள் நின்றார்கள். பத்து இருபது பேர், கதவுக்கு வெளியேயும் வரிசை. இன்றைக்கு இத்தனை சாவா என்று அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கிட்டே போன பிறகுதான் பார்த்தாள், யார் கையிலும் புதுப் படம் இல்லை. எல்லாம் பழுப்பேறிய துண்டுகள். பர்ஸிலும் பைபிளிலும் அரிசி டப்பாவிலும் வருஷக்கணக்காகப் பத்திரப்படுத்திய ஆறாம் பக்கங்கள்.

முதலில் நின்றவர் ஒரு காய்கறிக் கடைக்காரர். துண்டை மேசையில் வைத்து விரலால் நீவினார். பதினான்கு வருஷத்துக்கு முந்தையது. மீசை சரியாக முளைக்காத பையனின் படம். 'நோயில் வாடி உதிர்ந்தாயே' என்ற வரி. அக்கா எழுதியது.

"என் மகன். ராத்திரி வீட்டுல இருந்து கூட்டிட்டுப் போனாங்க. நாலாம் நாள் திருப்பிக் குடுத்தாங்க" என்றார். "நோய்னுதான் போடணும்னு அன்னிக்கு ஸ்டேஷன்ல இருந்து ஒருத்தர் கூடவே வந்தாரு. இங்கதான், இந்த இடத்துலதான் நின்னாரு. உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ என்னமோ."

அவளுக்கு ஞாபகம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அந்த வரிக்கு என்ன எதுகை போட்டோம் என்பதுகூட நினைவிருந்தது. இந்தத் தகப்பனின் முகம் நினைவில்லை.

"திருத்தம் எழுதலாங்களா? ரொம்ப நாளாச்சே, எழுதக் கூடாதோ?"

"விதியில தேதி ஒண்ணும் போடலைங்க" என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மேலே மாடிப்படியில் வேகமாக யாரோ இறங்கிவரும் செருப்புச் சத்தம் கேட்டது. புதுப் படிவம் ஒன்றை எடுத்துத் திருத்தம் என்று எழுதினாள்.

"சொல்லுங்க. எது தப்பு?"

கடைக்காரர் வாயைத் திறந்தார். பதினான்கு வருஷமாகச் சொல்லக் காத்திருந்த மனிதருக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மகனின் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் வரிசை அசையவில்லை. செருப்புச் சத்தம் கடைசிப் படிக்கு வந்துவிட்டது.

"அவசரமில்லைங்க" என்றாள் அக்கா.